இன்னாசி அண்ணன் போட்ட கோடி

1

அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் ஓட்டுப் போடலாம், ஏர்போர்ட்டில் வரிசை வெரசாக நகரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜூரியாக வந்து உட்காரச் சொல்லியும் கூப்பிடுவார்கள் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க மெஷினோடு மாரடிக்கிற பிழைப்பு. கோர்ட் பக்கம் நமக்கு என்ன சோலி என்று இருந்தவனைக் கொண்டுபோய், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தோடு பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள். ஜட்ஜ் அம்மா பெயர் சொல்லி ஒவ்வொருவராக எழுப்பி ஏதாவது கேட்டார். என் முறை வந்ததும் எழுந்து நின்று, “யெஸ், மை லார்ட்” என்று சொல்லித் தொலைத்தேன். கொடைக்கானலில் சினிமா பார்த்து வளர்ந்த வாய், வேறு என்ன சொல்லும்? சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “அவ்வளவெல்லாம் வேண்டாம், உட்காருங்கள்” என்று அந்த அம்மாவும் சிரித்தார்.

மதியத்துக்குள் கூத்து முடிந்துவிட்டது. வக்கீல்கள் உள்ளே போய் என்னவோ பேசிவிட்டு வந்தார்கள். பிறகு ஜட்ஜ் அம்மா எங்களுக்கு விளக்கினார். இந்த வழக்கை நடத்த வேண்டிய அரசு வக்கீல் அலுவலகத்தில் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிற ஒருவர், முன்னாளில் தனியாகத் தொழில் செய்தபோது, இதே குற்றம் சாட்டப்பட்டவருக்காக வேறொரு வழக்கில் ஆஜரானவராம். அதனால் அவரை மட்டும் இல்லாமல் அந்த அலுவலகம் மொத்தத்தையும் வழக்கிலிருந்து விலக்கி வைத்தாயிற்று, பக்கத்து மாவட்டத்திலிருந்து வேறு ஆள் வருவார், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். “யாரும் தப்பு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. தப்பு நடக்கக்கூடும் என்ற எண்ணம் வந்தாலே போதும், விலக வேண்டியதுதான்” என்றும் சொன்னார்.

எல்லாருக்கும் சந்தோஷம். அரை நாள் மிச்சம். பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளில் தட்டி, நல்லதாகப் போயிற்று, லஞ்சுக்கு வீட்டுக்கே போய்விடலாம் என்றார். நான் காருக்குள் உட்கார்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா சொன்ன அதே பேச்சை, கிட்டத்தட்ட அதே சொற்களில், எங்கள் ஊர் வழக்கு ஒன்றில் முன்பே கேட்டிருக்கிறேன். ஜூரிக்குப் போன அன்றைக்கு அத்தானுக்கு வருஷத் திதி வேறு.

2

அத்தான் என்றால் எங்கள் மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர், தவமணி. பேத்துப்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிற சம்சாரி. என்னை “மாப்ள” என்று கூப்பிடுவார். நான் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது ஒரு பை நிறைய மலைப்பூண்டைக் கொடுத்து, “அங்க குளிருக்கு நல்லது மாப்ள” என்று சொல்லி அனுப்பியவர். ஏர்போர்ட்டில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இதை நான் அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

செண்பகனூரில் எங்கள் வீட்டைச் “சிலோன்காரர் வீடு” என்பார்கள். அப்பாவையும் அம்மாவையும் அக்கரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். சாகும்வரை அம்மா அறையைக் காம்பரா என்றுதான் சொன்னாள். அவர்களோடு பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போனதால், மலையில் எங்களுக்குப் பங்காளி, மாமன் மச்சான் என்று ஒரு குஞ்சு கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை, தோட்டந்துரவு உள்ள குடும்பத்தில் பிறந்த அத்தான் விரும்பிக் கட்டினார். அவர் வீட்டாருக்கு அதில் மனக்குறை. “நாதியத்த வீட்டுல போயி எடுத்திருக்கான்” என்று அக்காவின் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது நான் ஒருத்தன்தான். நானும் கப்பலேறிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் பூண்டு மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு ரோட்டோரமாக நடந்து வந்த அத்தானை, ஒரு ரிசார்ட்டின் ஜீப் அடித்துப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. ஜீப்பை ஓட்டியது ரிசார்ட் முதலாளியின் மகன் என்று ஊரே சொன்னது. ஆனால் ஸ்டேஷனில் போய் நின்றவன் அவர்களுடைய டிரைவர்.

எனக்கு அப்போது கிரீன் கார்டு மனு பாதியில் கிடந்தது. அனுமதித் தாள் இல்லாமல் விமானம் ஏறினால் மனு செத்துப்போகும், திரும்பி வர வழியில்லை, பெண்டாட்டி பிள்ளை நடுத்தெருவில். அவசர அனுமதி கேட்டு ஆபீஸுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த பெண் நல்லவள்தான். இறந்தவர் என்ன உறவு என்று கேட்டாள். அக்காவின் கணவர் என்றேன். நெருங்கிய உறவில் அது சேராதே என்றாள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி, அங்கே போய் நான் செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அதை வேறு யாராவது செய்ய முடியாதா?” என்றாள்.

முடியும் என்பது மறுநாளே தெரிந்துபோயிற்று.

3

செண்பகனூர் இன்னாசி அண்ணன் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்பு மூத்தவர். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் ஏறி, அம்மா கொடுக்கிற பாலில்லாத டீயை, அவள் பாஷையில் சாயத் தண்ணியை, குடித்துவிட்டுப் போகிற பையனாக இருந்தார். சட்டம் படித்து, பரீட்சை எழுதி, எங்கள் பகுதிக் கோர்ட்டிலேயே அரசு வக்கீலாகிவிட்டார். போலீஸ் போடுகிற குற்ற வழக்குகளை அரசாங்கத்துக்காக நடத்துவது அவர் உத்தியோகம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர்.

ஊரில் நான் போன் போட்டு அழுவதற்கு அவரைத் தவிர யாரும் இல்லை. “அண்ணே, என்னால வர முடியலண்ணே. அக்கா ஒத்தையில கெடக்கும். போய்ப் பாருங்கண்ணே” என்றேன். “நீ அழுவாத குமாரு. நான் வெள்ளனே போயிர்றேன்” என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்து நான் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன்.

கோடி போடுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் மகள் இனியாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. புருஷன் செத்துக் கிடக்கிற வீட்டில், சவம் எடுக்குமுன், அந்தப் பெண்ணின் அண்ணனோ தம்பியோ புதுச்சேலை ஒன்றைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று பத்துப் பேர் முன்னால் சொல்கிற முறை அது. பிறந்த வீட்டுக் கோடி விழாமல் ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தால், அவளுக்குக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு நிலத்திலும் வீட்டிலும் அவளுடைய பேச்சு எடுபடுவது கஷ்டம்.

அங்கே நடந்ததை எனக்குக் காட்டுவதற்காக அத்தான் வகையறாவில் ஒரு பையன் போனில் வீடியோ எடுத்து அனுப்பினான். நான் லேபின் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அம்மா உரக்கக் கேட்கிறாள்: “பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா? வெரசா வாங்க, நேரமாகுது.” யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை கேட்கிறாள். கூட்டத்தில் ஒரு பெண், “அவளுக்கு யாரு இருக்கா, நடக்கிறதப் பாருங்க” என்கிறாள். அப்போது வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டுமாக இன்னாசி அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். கையில் துணிக்கடைப் பை. எனக்குப் பதிலாக யாராவது தூரத்துச் சொந்தம் வந்தால் கொடுக்கலாம், எதற்கும் இருக்கட்டும் என்று வரும் வழியில் வாங்கி வைத்திருந்தாராம். சேலையைப் பிரித்து, பக்கத்துப் பெண் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, அக்காவின் தலையோடு சேர்த்துப் போர்த்துகிறார். அக்கா நிமிர்ந்து பார்த்து, “அண்ணே” என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பதோடு வீடியோ முடிகிறது. எனக்கு நன்றியும் பொறாமையும் ஒன்றாக வந்தது. நன்றியை மட்டும் அவருக்குப் போனில் சொன்னேன்.

4

போலீஸ் விசாரித்து, முதலாளி மகன் பேரிலேயே வழக்குப் போட்டது. ஓட்டியது டிரைவர்தான் என்று அவர்கள் தரப்பு ஒற்றைக் காலில் நின்றது. ஆகவே மொத்த வழக்கும் ஒரே கேள்வியில் தொங்கியது. ஸ்டியரிங்கில் இருந்தது யார்? அதைக் கண்ணால் பார்த்த ஆள் ஒருத்தர் இருந்தார். அடுத்த தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர். ஜீப்பிலிருந்து முதலாளி மகன் இறங்கி ஓடியதைப் பார்த்தேன் என்று போலீஸிடம் சொல்லியிருந்தார்.

வழக்குக் கட்டு இன்னாசி அண்ணன் மேசைக்கு வந்தது. அக்காவுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் தெம்பு. “அண்ணன் கையில இருக்குடா, இனி நமக்கென்ன” என்று போனில் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் எங்கள் மூன்று பேருக்கும் பிடித்த சனியன். கோடி போட்ட அண்ணன் கையில் வழக்கு இருப்பது நல்லது என்று எங்களுக்குத் தோன்றியதே தவிர, அதுவே வினையாகும் என்று ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை.

எனக்காக எடுத்த வீடியோ ஊர் வாட்ஸப் குரூப்புகளில் சுற்றி எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குப் போயிருந்தது. அவர் மேல்கோர்ட்டில் மனுப் போட்டார். அரசு வக்கீலாக இருப்பவர், இறந்தவரின் மனைவிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்டவர், அண்ணன் முறை ஏற்றவர், இவர் நடத்தினால் எங்களுக்கு நியாயம் கிடைக்காது. அவருக்குக் கீழே இருக்கிற உதவி வக்கீலும் அவர் சொல்கிறபடிதான் செய்வார். ஆகவே அந்த அலுவலகத்தையே இந்த வழக்கிலிருந்து விலக்க வேண்டும்.

சட்டம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்த்தரப்பில் என் பிள்ளை நின்றிருந்தால் நானும் அதே மனுவைப் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் மனசு கேட்குமா? இந்த நாட்டு ஆபீஸுக்கு என் அத்தான் எனக்குப் போதுமான சொந்தம் இல்லை. அந்த நாட்டுக் கோர்ட்டுக்கு இன்னாசி அண்ணன் அளவுக்கு மீறிய சொந்தம். என்ன கணக்கு இது என்று பல நாள் தனியாகக் கத்தியிருக்கிறேன்.

5

மனுவுக்கு எங்கள் தரப்பில் பதில் தயாரித்த மதுரை வக்கீல் அக்காவிடம் ஒரு வழி சொன்னார். இன்னாசி வேற்று மதத்துக்காரர், ரத்தச் சொந்தம் கிடையாது. நீங்களே சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுங்கள், இவர் எனக்கு எந்த உறவும் இல்லை, ஆறுதலுக்கு வந்தவர் ஒரு மரியாதைக்குச் செய்தது என்று. மனு நிற்காது.

அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். வக்கீல் எனக்குப் போன் போட்டார். இங்கே விடிந்துகொண்டிருந்த நேரம். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, ஒரு வரிதான. எழுதிக் குடுத்துரு. பொய்யா சொல்லச் சொல்றாங்க? அவரு நம்ம சொந்தம் இல்லையே.”

“யாருமில்லைன்னு எழுதணுமாம்டா.”

“எழுதுனா என்ன? அத்தானுக்கு நியாயம் கிடைக்கணுமா வேண்டாமா?”

அக்காவின் குரல் உயர்ந்து நான் கேட்டது என் ஆயுசிலேயே அன்றைக்குத்தான்.

“ஏலே, நான் அன்னைக்குத் தலையைக் கவுத்து உக்காந்துருக்கேன். பொறந்த வீட்டுக் கோடி யாருன்னு கேக்காங்க. மறுபடியும் கேக்காங்க. உங்கத்தான் செத்த துக்கம் கூட எனக்கு அப்பத் தெரியல. பூமி பொளந்து உள்ள போயிர மாட்டமான்னு கெடக்கு. அந்த நேரத்துல ஒரு மனுசன் எந்திரிச்சு வந்தாரு. அவரைப் போயி யாருமில்லைன்னு சொல்லச் சொல்றியே, உனக்கு நாக்கு எப்படிடா வருது?”

“நான்தானக்கா உன் தம்பி” என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“இல்லைன்னு யாரு சொன்னா? நீதான் தம்பி. உன்னால வர முடியல. அதுக்காக உன்னை ஒரு வார்த்தை சொல்லிருப்பனா? வர முடியாதவனையே நான் வையல. வந்தவரை எப்படிடா இல்லைன்னு சொல்ல?”

அதற்குப் பிறகும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வேறு யோசனை செய்தேன். கோடி என் கோடிதான், நான்தான் வாங்கிப் போடச் சொல்லி அண்ணனை அனுப்பினேன், அவர் வெறுமனே கொண்டுபோனவர் என்று நான் பிரமாணம் எழுதித் தருகிறேன். தூதரகத்தில் முத்திரை வாங்க நாள் கூடக் கேட்டுவிட்டேன். இன்னாசி அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“குமாரு, போய்ப் பாருங்கண்ணேனுதான் நீ சொன்ன. கோடியப் பத்தி நீ வாயே திறக்கல. நானாத்தான் வாங்குனேன், நானாத்தான் போட்டேன். பொய்ச் சாட்சியக் கூண்டுல நிப்பாட்டிக் கேள்வி கேக்குற ஆளு நான். நானே பொய்க்குக் கையெழுத்து வாங்குனா நல்லாவா இருக்கும்?”

“அப்ப கேசு போயிருமேண்ணே.”

“போனாலும் போகும்” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தப்பு எம்மேலதான். கட்டு எம்மேசைக்கு வந்த அன்னைக்கே, இந்தக் கேசு எனக்கு வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துருக்கணும். வேற ஆளு ஆரம்பத்துல இருந்து ஒழுங்காப் பாத்துருப்பான். எனக்குத் தோணல. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறவன் பேத்துப்பாறையில கோடி போட்டா, அது என்ன சொந்தமாவா ஆயிரப் போகுதுன்னு இருந்துட்டேன். ஆயிருச்சு பாத்தியா.”

6

மேல்கோர்ட் தீர்ப்பு நாலு வரி. அரசு வக்கீல் தவறு செய்ததாகக் கூறவில்லை, அவருடைய நேர்மையில் ஐயமில்லை. ஆனால் அவர் ஒரு சகோதரனின் இடத்தை ஏற்றிருக்கிறார், அதை அந்தப் பெண்மணியும் மறுக்கவில்லை. ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதால் அவரும் அவருடைய அலுவலகமும் விலக வேண்டும். இதை அக்கா யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேசாமல் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாளாம். அவள் மகள் தேன்மொழி எனக்குச் சொன்னாள்.

வேறு ஊர் அரசு வக்கீல் ஒருவரைப் போட்டார்கள். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். வாய்தாவுக்கு வாய்தா கீழிருந்து பஸ்ஸில் வந்து போனார். வத்தலக்குண்டில் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு வாய்தா தள்ளிப்போகும். மழையில் மலைப்பாதை சரிந்தால் இன்னொரு வாய்தா. அக்கா ஒவ்வொரு தடவையும் கோர்ட் வராந்தாவில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவாள். வருஷங்கள் இப்படியே ஓடின. அதற்குள் அந்தப் பார்த்த சாட்சி, ரிசார்ட்டிலேயே தோட்ட வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கூண்டில் ஏறி, “அன்னைக்கு மேகம் இறங்கிக் கெடந்துச்சுங்க, யாருன்னு தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த மனுஷனின் மூத்த மகனுக்கு இன்னாசி அண்ணன்தான் ஞானஸ்நானத்தில் கையேந்திய ஞானத்தகப்பன். அண்ணன் கேட்டிருந்தால் அவரால் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அண்ணன் அன்றைக்குக் கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் ஒரு கேள்வி கேட்க அவருக்கு உரிமை இல்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்துவிட்டார்கள். முதலாளி வீட்டார் கோர்ட் வாசலில் இனிப்புக் கொடுத்தார்களாம். அப்பீலுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். “போதும்டா, எனக்கு நடக்கத் தெம்பில்ல” என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஜூரி ஹாலிலிருந்து வந்த அன்றைக்கு இதையெல்லாம் இனியாவிடம் சொன்னேன். பதினைந்து வயசு. அக்காவை அத்தை என்று சொல்ல வராது, “உங்க சிஸ்டர்” என்பாள். தேன்மொழியைப் போன் படங்களில் மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் வழக்காடுகிற விளையாட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் இவள் அரசுத் தரப்பு வக்கீல். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அந்த ரூல் கரெக்ட்தானே அப்பா” என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “கரெக்ட்தான். அதுக்காக உங்க மாமா செத்தது கரெக்டா?” என்று கத்திவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அவங்க ஏன் அப்பா எழுதிக் குடுக்கல? ஒன் லைன்தானே?” என்று கேட்டாள். நான் அக்காவிடம் கேட்ட அதே கேள்வி. என் பிள்ளைதான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

சொல்லிப் பார்த்தேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. எனக்கே அக்கா சொன்ன அன்றைக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததிலிருந்து தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

7

நேற்றுக் காலை அக்கா கூப்பிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எடுத்ததுமே குரலில் ஒரு கலகலப்பு. தேன்மொழிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நல்ல பையன், ஆவணியில் கல்யாணம். அத்தான் போன பிறகு அக்கா சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று. தாய்மாமன் நான்தானே. நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும், பெண்ணைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டும். இப்போது என்னிடம், போனால் திரும்பி வரக் கதவைத் திறக்கிற பாஸ்போர்ட் இருக்கிறது. போன தடவை விட்டதை இந்தத் தடவை பிடித்துவிடலாம் என்று என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, ஒன்னு சொல்வேன். நீ கோவிச்சுக்கக் கூடாது” என்றாள் அக்கா.

“சொல்லுக்கா.”

“தேனுக்குப் பட்டம் கட்டுறதுக்கு இன்னாசி அண்ணனைச் சொல்லிட்டேன்.”

தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

“அவரு வேணாம்னாருடா. குமாரு இருக்கையில நான் எப்படின்னாரு. நான்தான் விடல. எங்கண்ணன் முறைன்னு சொல்லித்தான அவரைக் கேசை விட்டே தள்ளி வச்சாங்க? உங்கத்தானுக்கு நியாயம் கிடைக்காமப் போனது அந்த ஒரு முறையாலதான். அவ்வளவையும் குடுத்துட்டு வாங்கின முறைடா அது. இப்பக் கல்யாணத்துல அவரை ஓரமா ஒரு நாற்காலியில உக்கார வச்சேன்னு வையி, அன்னைக்கு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்னு நின்னதுக்கு என்னடா அர்த்தம்? அதுக்கு எழுதியே குடுத்துருக்கலாம்ல?”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி என்ன என்று கையால் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“சரிக்கா. நீ செஞ்சது சரிதான்” என்றேன்.

“நெசமாத்தான் சொல்றியா?”

“நெசமாத்தான்.”

“லீவு கெடைச்சா வாடா. கெடைக்காட்டி மனசைப் போட்டு ஒழப்பிக்காத. இந்தத் தடவை எல்லாத்துக்கும் ஆள் இருக்கு.”

அவள் எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னாள். வையவோ குத்தவோ தெரியாதவள்.

“வர்றேன்க்கா. கண்டிப்பா வர்றேன். வந்து பந்தியில நின்னு பரிமாறுறேன்.”

அக்கா லேசாகச் சிரித்தாள்.

“அதுக்கும் சமையல்காரங்களே ஆள் கூட்டிட்டு வர்றாங்கடா. பிரயாணம் பண்ணி அலுத்துப்போயி வருவ. நீ வந்து உக்காந்து வயிறாரச் சாப்பிடு, அது போதும்.”